சிறுவாடும் சம்பளமும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்துப் பெண்களின் நிதிநலமும் மனநலமும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெண்ணின் வருவாய் உயர்ந்தால் அவளது மனநலமும் உயரும் என்பது தொழில் வளர்ச்சி பற்றிய இன்றைய பேச்சில் பெரிதும் வினவப்படாமல் ஏற்கப்படும் கருத்தாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் 2006 முதல் 2024 வரை நிகழ்ந்தவற்றை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள், திருக்குறளின் நல்குரவு அதிகாரம், அகமரபின் பொருள்வயிற் பிரிவு, மக்கள் வழக்கிலுள்ள சிறுவாடு என்னும் சொல் ஆகியன மதிப்பீட்டுக்குரிய கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. வருவாயின் அளவு மட்டுமன்றி, அதன்மீது பெண்ணுக்குள்ள ஆளுகை, அவ்வருவாய் நிலைக்கும் காலம், அதை ஈட்டும் இடத்தில் அவள் சொல்லுக்குள்ள மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே நிதிநலத்தை மனநலத்தோடு இணைக்கின்றன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: நிதிநலம், மனநலம், சிறுவாடு, ஆய்மகள், பொருள்வயிற் பிரிவு, தொழிற்சாலைப் பெண்கள், ஆளுகை.

1. முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் எனப் பரவும் நிலப்பகுதி இருபத்தைந்து ஆண்டுகளில் நாட்டின் முதன்மையான உற்பத்தி மையங்களுள் ஒன்றாக மாறியுள்ளது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இப்பகுதியில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியும், 2006இல் நோக்கியா கைப்பேசி உற்பத்தியும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் கார் உற்பத்தியும் தொடங்கின. கார் தயாரிக்கும் ஆலைகளில் ஆண்களே மிகுதி. கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்களை ஒருங்கிணைக்கும் ஆலைகளில் இளம் பெண்களே மிகுதி. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் உள்ளனர் என்பதை ஆண்டுதோறும் எடுக்கப்படும் தொழில்துறைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அவ்வகையில் இவ்வழித்தடம் தமிழ்ப் பெண்ணின் பொருளியல் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்க களமாகிறது.

பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்து, பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி, நிறுவனப் பேருந்தில் பணிமுறை மாறி மாறிச் செல்லும் பெண்ணுக்கு மாதந்தோறும் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சம்பளம் சேர்கிறது. அவள் தாய்க்கோ பாட்டிக்கோ இவ்வாறு ஒரு கணக்கு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. இம்மாற்றத்தின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும், பெயரில் வரும் பணம் கையில் உள்ள பணம் ஆகுமா என்னும் வினாவும், அவ்வாறு ஆகாதபோது அப்பெண்ணின் மனத்துக்கு என்ன நேர்கிறது என்னும் வினாவும் எஞ்சுகின்றன. இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைகின்றன.

2. ‘நிதிநலம்’ என்னும் கருத்தாக்கத்தின் குறை

நிதிநலம் என்பதற்கு இன்று பலராலும் எடுத்தாளப்படும் வரையறைகளுள் ஒன்று, அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் வகுத்ததாகும். அன்றாடச் செலவுகள் தன் கட்டுப்பாட்டில் இருத்தல், எதிர்பாரா இடரைத் தாங்கும் திறன், தன் குறிக்கோள்களை நோக்கிச் சென்றுகொண்டிருத்தல், விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை என நான்கு கூறுகளை அது முன்வைக்கிறது. வருவாயின் அளவை மட்டும் நோக்காமல், பணம் பற்றிய மனநிலையையும் கணக்கில் கொண்டது இவ்வரையறையின் சிறப்பு.

எனினும் இந்நான்கும் ஒரே முன்னனுமானத்தின்மீது நிற்கின்றன. ஈட்டுபவரும் செலவிடுபவரும் குறிக்கோளை வகுப்பவரும் ஒருவரே என்பது அம்முன்னனுமானம். தமிழ்க் குடும்பத்தில் திருமணமாகாத மகளின் சம்பளம் அவ்வாறு ஒருவருடையதாக இருப்பதில்லை. தம்பியின் கல்விக் கட்டணம், தந்தை வாங்கிய கடனின் வட்டி, அடகிலுள்ள நகையை மீட்டல், அவளது திருமணத்துக்கே சேர்க்க வேண்டிய பவுன் எனச் சம்பளம் வருமுன்னரே அதன்மீது கோரிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. இங்கு ‘தன் குறிக்கோள்’ என்பது யாருடைய குறிக்கோள் என்பதே தெளிவற்றுப் போகிறது.

இதை அமர்த்தியா சென் 1990இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் வேறொரு கோணத்தில் விளக்கினார். குடும்பத்தில் ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒருங்கே உள்ளன. தன் நலம் எது என்பதையே குடும்ப நலத்திலிருந்து பிரித்துக் காணாத பெண், பங்கீட்டில் பின்தங்குகிறாள் என்பது அவர் கருத்து. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குடும்பத்துக்குக் கொடுப்பதைப் பெண் சுமையாகவே உணர்கிறாள் எனக் கொள்வது பிழை. தம்பியைப் படிக்கவைத்தேன், வீட்டுக்குக் கூரை மாற்றினேன் என்னும் சொற்களில் பெருமிதம் உண்டு. அப்பெருமிதமும் மனநலத்தின் ஒரு கூறே. கொடுத்தல் துன்பமாவது, மறுக்கும் வாய்ப்பு இல்லாதபோது. இவ்வேறுபாட்டை நிதிநலம் பற்றிய பொது வரையறை காட்டுவதில்லை. தமிழ் மரபின் சில சொற்களும் காட்சிகளும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

3. ஆய்மகளும் சிறுவாடும்

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, இன்றைய தொழில் வழித்தடத்தை உள்ளடக்கிய தொண்டை நாட்டைப் பின்புலமாகக் கொண்டது. அதில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகிறார். அவள் விடியலில் தயிர் கடைந்து மோர் விற்கச் செல்கிறாள். மோருக்கு ஈடாகப் பெற்ற உணவுப் பொருளால் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய் விற்கும்போதோ அவள் நடத்தை மாறுகிறது. நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் நல்ல பசுவும் கன்று ஈனவிருக்கும் இளம் மாடும் பெற்றுக்கொள்கிறாள்.

இக்காட்சி முல்லை நில வாழ்வின் வண்ணனையாகவே பெரும்பாலும் படிக்கப்பட்டு வந்துள்ளது. நிதிநலம் என்னும் நோக்கில் படிக்கும்போது அதில் தேர்ந்த பொருளியல் அறிவு புலப்படுகிறது. ஆய்மகளின் வருவாய் இரண்டாகப் பிரிகிறது. மோரின் விலை அன்றாட நுகர்வுக்கும் சுற்றத்துக்கும் செல்கிறது. நெய்யின் விலை மேலும் வருவாய் தரும் உடைமையாகிறது. எதை எதற்கு ஒதுக்குவது, விலையாக எதைக் கொள்வது என்பதைத் தீர்மானிப்பவளும் அவளே. சுற்றத்தாருக்குக் கொடுப்பதும் தன் உடைமையைப் பெருக்குவதும் அவளிடம் முரண்படவில்லை. இதையே இக்கட்டுரை ‘ஆளுகை’ எனக் குறிக்கிறது.

இவ்வாளுகை மறுக்கப்பட்ட வாழ்வில் பெண்கள் உருவாக்கிக்கொண்ட மாற்று ஏற்பாட்டுக்குத் தமிழில் ‘சிறுவாடு’ என்று பெயர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததும், பால், முட்டை, பூ விற்றுச் சேர்த்ததும், அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பிறர் அறியாமல் வைக்கப்பட்டதுமான சிறு பணம் அது. அதன் தொகை சிறிது; அதைப் பற்றிக் கணக்குக் கேட்பார் இல்லை என்பதே அதன் மதிப்பு. ஒரு மாதச் சம்பளத்தை முழுமையாக வீட்டுக்கு அனுப்பிய பெண்ணிடம் இல்லாத ஓர் ஆறுதல், சில நூறு ரூபாய்ச் சிறுவாடு வைத்திருந்த அவள் பாட்டியிடம் இருந்திருக்கக்கூடும்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபோது இம்மதிப்பின் இயல்பு வெளிப்பட்டது. பல வீடுகளில் பெண்கள் தம் சேமிப்பைக் கணவரிடமோ மகனிடமோ சொல்லி வங்கிக்குக் கொடுத்தனுப்ப நேர்ந்தது. மாற்றியதால் பணத்தின் முகமதிப்புக் குறையவில்லை. ஆனால் மறைவு நீங்கியதும் அது வீட்டுப் பணமாயிற்று. வரவு செலவு ஏட்டில் இழப்பாகப் பதியாத இவ்விழப்பு, மனத்தில் இழப்பாகவே பதிந்தது.

பணமின்மைக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் கூர்மையாக உரைக்கிறார். நெருப்பின் நடுவே உறங்கினும் வறுமையில் உறக்கம் கொள்ளுதல் அரிது என்பது ஒரு குறளின் கருத்து. நல்ல பொருளைத் தெளிந்து சொன்னாலும் வறியவரின் சொல் எடுபடாது என்பது மற்றொன்றின் கருத்து. உறக்கமின்மையும் சொல் மதிப்பிழத்தலும் வறுமையின் இரு விளைவுகளாக இங்குச் சுட்டப்படுகின்றன. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாள்களில் அதே மனிதரின் சிந்தனைத் திறன் குறைந்திருந்ததை அது கண்டறிந்தது. பணக்கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை இவ்வாய்வு அளந்து காட்டியது. வள்ளுவர் கூறும் இரண்டாம் விளைவாகிய சொல் மதிப்பிழத்தல், இத்தொழில் வழித்தடத்தின் வரலாற்றில் எவ்வாறு வெளிப்பட்டது என்பது பின்னர் ஆராயப்படும்.

4. பொருள்வயிற் பிரியும் மகள்

அகமரபில் பொருளீட்டலும் உள்ளத் துயரும் பிரிக்க இயலாதவை. பாலைத் திணைப் பாடல்களில் பொருள்வயிற் பிரியும் தலைவன், பொருளா தலைவியா எனத் தன் நெஞ்சோடு வாதிடுகிறான். வீட்டிலிருக்கும் தலைவி ஆற்றாமையில் உழல்கிறாள், தோழி ஆற்றுவிக்கிறாள். பொருளின் பொருட்டுப் பிரியும் பிரிவு தலைவனுக்கே உரியது. மகள் வீட்டை நீங்குவது உடன்போக்கில் மட்டுமே பாடப்படுகிறது. அதற்கு வருந்தும் நற்றாய்க்கும் செவிலிக்கும் துறைகள் உள்ளன.

திருப்பெரும்புதூர் விடுதிகளுக்கு வரும் பெண்கள் இவ்வமைப்பை மாற்றியுள்ளனர். இங்கு மகளே பொருள்வயிற் பிரிகிறாள். அவளது நெஞ்சோடு நிகழும் வாதத்துக்கும் அவளை ஆற்றுவிக்கும் தோழிக்கும் மரபில் துறை வகுக்கப்படவில்லை. இலக்கணத்தின் குறையாக மட்டும் இதைக் கருத முடியாது. பொருளீட்டச் சென்ற ஆணின் துயரைப் புரிந்துகொள்ளும் மொழி குடும்பத்துக்கு மரபாகக் கிடைத்துள்ளது. பொருளீட்டச் சென்ற மகளின் துயருக்கு அத்தகைய மொழி கிடைக்கவில்லை. ஆகவே அவள் களைப்பு பிடிவாதமாகவும், அவள் மறுப்பு நன்றியின்மையாகவும் பொருள் கொள்ளப்படுகின்றன.

ஈட்டும் மகளைத் தமிழ்க் கலை முற்றிலும் காணாமல் இல்லை. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) திரைப்படத்தின் கவிதா, குடும்பம் முழுமையையும் தன் சம்பளத்தால் தாங்குகிறாள். அவளது கடுமையான பேச்சைக் குடும்பம் குறையாகக் காண்கிறது. அச்சொற்களுக்குப் பின்னுள்ள சுமையைப் பார்வையாளர் காண்கின்றனர். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை விரிக்கையில், பெண்ணின் கூலியை உழைப்பிடத்தின் அதிகாரத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. முன்னது வீட்டின் கோரிக்கையைக் காட்டுகிறது. பின்னது வேலையிடத்தின் அழுத்தத்தைக் காட்டுகிறது. எனினும் கவிதாவின் முடிவு தியாகமாகப் போற்றப்படும்போது ஒரு சிக்கல் எழுகிறது. தியாகமாகப் பார்க்கப்படும் கொடையை மறுக்கும் உரிமை பேசப்படாமலே போகிறது. தொழில் வழித்தடத்துப் பெண்ணைப் பற்றிய பொதுப்பேச்சும், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் மகள் என்னும் இப்புகழுரையிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

5. காலம்: நோக்கியாவின் எட்டு ஆண்டுகள்

வருவாய் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது நிதிநலத்தின் இரண்டாம் கூறு. நோக்கியா ஆலையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2005இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்து, 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. உச்ச காலத்தில் நேரடிப் பணியாளர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் இளம் பெண்களே மிகுதி. 2013இல் வருமான வரித் துறையுடன் எழுந்த வழக்கில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இவ்வாலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. பணியாளர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்வழி வெளியேறினர். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் இயங்கிய ஃபாக்ஸ்கான் ஆலையும் அவ்வாண்டின் இறுதியில் மூடப்பட்டது.

பதினெட்டு வயதில் பணிக்குச் சேர்ந்த பெண், இருபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவளானாள். அவள் கற்ற திறன், குறிப்பிட்ட இயந்திரத்தின் குறிப்பிட்ட நிலையத்தில் செய்த வேலையாகும். அதை வேறிடத்தில் விலைபேச இயலாது. கையில் கிடைத்த இழப்பீட்டுத் தொகை ஒருமுறை வருவது. தவணைக்கடன், ஏலச்சீட்டு, நகைச்சீட்டு ஆகியவை மாதந்தோறும் கேட்பவை. ஆய்மகளின் எருமைக்கு ஈடான உடைமை எதுவும் அவ்வெட்டு ஆண்டுகளில் அவள் பெயரில் உருவாகியிருந்தால் அதிர்ச்சி குறைந்திருக்கும். பலரது சம்பளம் மோரின் விலையாகவே செலவழிந்திருந்தது. நெய்யின் விலையாக மாறும் முன் ஆலை மூடப்பட்டது.

வேலையிழப்பின் துயர் பணத்தோடு நிற்பதன்று. சம்பளம் வரும்வரை குடும்பத்தின் முடிவுகளில் அவள் கருத்துக் கேட்கப்பட்டது; அவள் திருமணம் தள்ளிப்போடப்பட்டது. சம்பளம் நின்றவுடன் அவ்விரண்டும் நிற்கும் நிலை ஏற்பட்டது. ஆகவே வருவாயின் நிலையாமை, உறவுகளுக்குள் அவள் பெற்ற இடத்தின் நிலையாமையாகவும் உணரப்படுகிறது. எதிர்காலம் பற்றிய அச்சம் என மனநல நூல்கள் பொதுவாகக் கூறுவதற்கு இங்குத் தெளிவான பொருளியல் காரணம் உள்ளது.

6. சொல்: 2021 டிசம்பர்

மூன்றாம் கூறு, ஈட்டும் இடத்தில் பெண்ணின் சொல்லுக்குள்ள மதிப்பு. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தம் தோழியருக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியாத நிலையில் உயிரிழப்பு நேர்ந்ததாக வதந்தி பரவியது. அம்மாதம் 17ஆம் நாள் இரவு தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். உயிரிழப்பு இல்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் இயங்கியது.

உலகச் சந்தையில் விலையுயர்ந்த பொருளை உருவாக்கும் கைகளுக்குரியவர், தம் உணவு கெட்டுள்ளது என்பதைக் கேட்கவைக்க நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது. வறியவர் சொல் எடுபடாது என்னும் குறட்கருத்து இங்கு நினைக்கத்தக்கது. இப்பெண்கள் முற்றிலும் வறியவர் அல்லர். மாதச் சம்பளம் பெறுவோர். ஆயினும் உறைவிடம், உணவு, போக்குவரத்து ஆகிய மூன்றும் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், ஒன்றைப் பற்றிக் குறை கூறினால் மற்ற அனைத்தையும் இழக்க நேரிடும் என்னும் அச்சத்தில் அவர்கள் இருந்தனர். சம்பளம் இருந்தும் சொல் வறிதாயிற்று.

பெண் தொழிலாளரின் மனநலம் பற்றிப் பேசுவோர் ஆலோசனை மையம், யோகப் பயிற்சி, தொலைபேசி உதவி ஆகியவற்றை முன்மொழிகின்றனர். இவை தேவையானவையே. நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண், தமிழிலும் உதவி தருகிறது. ஆனால் குறை கூறும் வழியும் கூட்டாகப் பேசும் உரிமையும் அற்ற இடத்தில், துயரைத் தனியொருத்தியின் உள்ளக் குறைபாடாக மாற்றும் இடர் இத்தகைய உதவிகளில் உண்டு. நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்கள் வேண்டியது முதலில் ஒரு பதில்; ஆறுதல் அதற்கு அடுத்தது. அகமரபில் தலைவியை ஆற்றுவிக்கும் தோழி, தலைவனிடம் சென்று வாதிடவும் செய்கிறாள் என்பது இங்கு நோக்கத்தக்கது.

7. மணம் என்னும் எல்லைக்கோடு

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வு, இவ்வாலையில் ஐபோன் ஒருங்கிணைப்புப் பணிக்குத் திருமணமான பெண்கள் தவிர்க்கப்பட்டதாகக் கூறியது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாகச் சேர்க்கப்பட்டோரில் கால் பங்கினர் திருமணமான பெண்கள் என விளக்கியது. அப்போது நடைமுறையில் இருந்த 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. இச்சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தடுக்க எழுந்தது. பெண்களுக்குள்ளேயே மணமானவர், மணமாகாதவர் என வரையப்படும் கோட்டை அது நேரடியாகப் பேசவில்லை.

குற்றச்சாட்டின் உண்மையை முடிவுசெய்தல் திறனாய்வின் வேலையன்று. அது தொட்ட எல்லைக்கோடு இந்திய வேலையுலகில் பழையது என்பதே இங்குக் கருதத்தக்கது. அயலுறவுப் பணியில் பெண் மணம் புரிய அரசின் அனுமதி வேண்டும் என்னும் விதியை, சி. பி. முத்தம்மா தொடுத்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் இளம் பெண்களின் ஊதியத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கெனத் தரப்பட்டது. மகளுக்குச் சொத்தில் சமப் பங்கு தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும், அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமான மகளை விலக்கியது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தமே அக்கோட்டை நீக்கியது. வேலை, ஊதியம், சொத்து ஆகிய மூன்றிலும் பெண்ணின் பொருளுரிமையை மணம் வரையறுத்தமை இவற்றால் புலனாகிறது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்குவதற்காக அது எழுப்பப்பட்டது. 2021ஆம் ஆண்டு நிகழ்வுக்குப் பின் பாதுகாப்பான உறைவிடத்தின் தேவையை அரசு உணர்ந்ததற்கு இது சான்று. எனினும் படுக்கைகளாக எண்ணப்படும் உறைவிடம், தனித்து வாழும் பெண்ணையே தொழிலாளியாகக் கருதுகிறது. குழந்தையுள்ள பெண் இவ்வழித்தடத்தில் வேலையைத் தொடர வேண்டுமெனில் குறைந்த வாடகை வீடும் குழந்தைகள் காப்பகமும் தேவை. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. விடுதிக்குக் காட்டிய முனைப்பை இதற்கும் காட்டினால் அன்றி, பெண்ணின் வருவாய் மணத்தோடு முடியும் பருவகால வருவாயாகவே தொடரும்.

8. ஆளுகைக்கான சான்றுகள்

ஆளுகையே மையம் என்னும் கருத்துக்குக் களச் சான்று உண்டா என்னும் வினா எழலாம். மத்தியப் பிரதேசத்தில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலியோர் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நூறு நாள் வேலைத் திட்டக் கூலி பெண்ணின் சொந்தக் கணக்கில் செலுத்தப்பட்டு, அக்கணக்கைப் பயன்படுத்தும் பயிற்சியும் தரப்பட்ட இடங்களில் பெண்கள் வேலைக்குச் செல்வது மிகுந்தது. பெண் வேலை செய்வது பற்றிய மனப்பாங்கும் தளர்ந்தது. கூலி அளவு மாறாமல், அது சேருமிடமும் அதைக் கையாளும் திறனும் மாறியதால் விளைந்த மாற்றம் இது. கேரளத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்த ஆய்வு, வீடோ நிலமோ தம் பெயரில் உள்ள பெண்கள் மணவாழ்வில் வன்முறைக்கு ஆளாவது குறைவாக இருப்பதைக் காட்டியது. வேண்டுமாயின் வெளியேறிச் செல்ல ஓரிடம் உண்டு என்னும் நிலையே உறவின் தன்மையை மாற்றுகிறது.

தமிழ்நாட்டுத் திட்டங்களிலும் இத்திசையில் நகர்வு தெரிகிறது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. மணத்தை நோக்கிய பணம் கல்வியை நோக்கித் திரும்பியது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. இதற்கு ‘உதவி’ என்னாமல் ‘உரிமை’ எனப் பெயரிட்டமை பொருளுடையது. கணக்குக் கேட்கப்படாத, மறைக்கவும் வேண்டாத பணம் என்னும் வகையில் இது சிறுவாட்டுக்கு வெளிப்படையான ஒப்புதல் எனலாம்.

ஆயினும் இத்திட்டத்தையும் தொழில் வழித்தடத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் இடைவெளி புலப்படுகிறது. ஆலை பெரிதும் மணமாகாத இளம் பெண்ணைத் தொழிலாளியாக ஏற்கிறது. அரசு பெரிதும் மணமான பெண்ணைக் குடும்பத் தலைவியாக ஏற்கிறது. இருபத்திரண்டு வயதில் அவளுக்குச் சம்பளம் உண்டு. அதன்மீது முடிவெடுக்கும் தலைமை இல்லை. முப்பத்திரண்டு வயதில் தலைமை உண்டு; சம்பளம் இல்லை, உரிமைத் தொகையே உண்டு. ஒரே பெண்ணின் வாழ்வில் ஈட்டலும் ஆளுகையும் ஒருசேர வாய்க்கும் பருவம் வருவதில்லை. தொழில் வழித்தடத்துப் பெண்ணின் நிதிநலச் சிக்கல் இவ்விடைவெளியிலேயே தங்கியுள்ளது. வரவு செலவுத் திட்டமிடல், சேமிப்பு முறை ஆகியவற்றைக் கற்பிக்கும் நிதிக் கல்வி மட்டும் இதைத் தீர்க்காது. சீட்டுக் கட்டிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த இப்பெண்களிடம் அறியாமையைவிட அதிகாரமின்மையே பெரிய குறை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் பெறப்படுவன வருமாறு. பெண்ணின் நிதிநலத்தைத் தனியொருவரின் வரவு செலவு நிலையாகக் காணும் வரையறைகள், குடும்பத்தின் கோரிக்கைகளுக்கு நடுவே ஈட்டும் தமிழ்ப் பெண்ணின் நிலையை விளக்கப் போதுமானவை அல்ல. ஆய்மகள், சிறுவாடு ஆகிய தமிழ்ச் சான்றுகள் ஆளுகையை மையமாக்கும் மாற்று அளவுகோலைத் தருகின்றன. நோக்கியா ஆலையின் மூடல் காலத்தின் இன்றியமையாமையையும், 2021ஆம் ஆண்டுப் போராட்டம் சொல்லின் இன்றியமையாமையையும், மணம் பற்றிய 2024ஆம் ஆண்டு விவாதம் இவ்விரண்டும் ஒரே எல்லைக்கோட்டில் முடிவதையும் காட்டுகின்றன.

இவ்வளவுகோலை ஏற்றால், பெண் தொழிலாளரின் நலம் பற்றிய கணக்கெடுப்புகளில் கேட்கப்படும் வினாக்களும் மாற வேண்டும். மாதச் சம்பளம் எவ்வளவு என்பதோடு, அதில் யாரையும் கேளாமல் செலவிடக்கூடியது எவ்வளவு, வீட்டின் கோரிக்கையொன்றை மறுக்க இயன்றதா, வேலை நின்றால் எத்தனை மாதம் தாங்கலாம், உணவோ உறைவிடமோ சரியில்லை என யாரிடம் சொல்லலாம் என்பனவும் வினவப்பட வேண்டும். இவற்றுக்குப் பெண்கள் தரும் விடைகளே அவர்களது உறக்கத்தையும் கவலையையும் விளக்கவல்லவை. மகள் பொருள்வயிற் பிரியும் காலத்துக்குரிய துறையை வகுக்கும் பொறுப்பு இலக்கிய ஆய்வுக்கும் உண்டு. தொழில் வழித்தடத்துப் பெண்கள் எழுதியும் பேசியும் வரும் சொற்களைத் தொகுத்து ஆராய்வது அதற்குரிய முதற்பணியாக அமையும்.